குடி நின்ற பிறகு வந்த சண்டை: மண்டபம் கரையின் விசைப்படகுக் குடும்பம் ஒன்று – நிகழ்வு ஆய்வு

குடிநோய் சிகிச்சை பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் நோயாளி வார்டைவிட்டு வீடு திரும்பும் நாளோடு முடிந்துவிடுகின்றன. திரைப்படங்களிலும் அப்படித்தான், ஒரு சபதம், ஒரு அழுகை, அதோடு குடி நின்றுவிடும். இந்த ஆய்வு வீடு திரும்பிய பிறகான மாதங்களுக்கே அதிக இடம் தருகிறது. முதல் பத்து நாள் மருந்தின் வேலை. அதற்கடுத்த ஓராண்டைத் தீர்மானிப்பவை கணவன்–மனைவிக்கு இடையே கிடக்கும் பழைய கணக்கும், கடல் தொழிலின் நாள்காட்டியும்தான்.

இங்கே வரும் தம்பதியர் எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பவர்கள் அல்லர். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுகத் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒன்றாகக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. மருந்து அளவுகள் சிகிச்சையின் போக்கு விளங்குவதற்காகத் தரப்பட்டுள்ளன. யாரும் அவற்றைப் பார்த்து வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது.

வந்த நிலை

கணவருக்கு வயது 43. விசைப்படகில் மீன் வருமானத்தில் ஒரு பங்குக்குப் போகும் தொழிலாளி. மனைவிக்கு 37, கடற்பாசி எடுக்கப் போகிறவர். மகனுக்கு 16, மகளுக்கு 12. இருபது வயதில் படகில் ஏறிய நாளிலேயே குடிப் பழக்கம் தொடங்கியது. பத்து ஆண்டுகளாக தினசரிக் குடி. கடைசி நான்கு ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் கை உதறல். ஒரு கட்டிங் போட்டால்தான் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்ற நிலை. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலைத் தேவைக்காகக் கூடுதல் விலைக்கு வெளியில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அளவைச் சரியாகக் கணக்கிடுவது முக்கியம். குடிப்பவர் “கொஞ்சம்தான்” என்பார், மனைவி “ஓயாமக் குடிக்கிறாரு” என்பார். இரண்டையும் வைத்து மருந்தின் அளவை முடிவு செய்ய முடியாது. 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் பார்த்தால் சுமார் 61 கிராம். இவர் சாதாரண நாளில் இரண்டு குவார்ட்டர், பங்குப் பணம் கைக்கு வரும் நாளில் மூன்று. அதாவது நாளொன்றுக்கு 122 முதல் 183 கிராம் வரை. ஆண்களுக்கு 100 கிராமைத் தாண்டினாலே மிக உயர்ந்த ஆபத்து நிலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. ஒரு குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 9,000 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் முழுமைக்கும் அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய்.

தவக்காலத்தில் குடியை விடுவது இந்தக் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழக்கமான ஒன்று. இவரும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின இரவு 10 மணிக்குக் கடைசியாகக் குடித்துவிட்டு, இனி தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். மனம் உறுதியாகத்தான் இருந்தது. தினமும் 120 கிராம் சாராயத்துக்குப் பழகிப்போன மூளை என்ன செய்யும் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. புதன் காலை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிப் படகு கிளம்பியபோதே அவருக்கு வியர்வையும் குமட்டலும் இருந்தன. மாலையில் வலையை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் கயிறு சுற்றும்போது கை நிற்கவில்லை. உடன் வந்தவர்கள் காய்ச்சல் என்று நினைத்துப் படுக்க வைத்தார்கள். வியாழன் விடியற்காலை 3 மணி வாக்கில், கடைசிக் குடியிலிருந்து 29 மணி நேரத்தில், வலிப்பு வந்தது. மேல்தட்டின் ஓரத்தில் நின்றிருந்தால் ஆள் கடலுக்குள் போயிருப்பார்.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. நடுக்கமும் வியர்வையும் 6 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு 6 முதல் 48 மணிக்குள். மனக்குழப்பத்தோடு கூடிய டெலிரியம் 48 முதல் 96 மணிக்குள். ஒரு நாள் கடல் பயணம் வலிப்பு வரும் நேரத்துக்குள் அப்படியே போய்ப் பொருந்துகிறது. தினமும் குடித்துவிட்டு காலையில் கை நடுங்குகிறவர் திடீரென்று நிறுத்திய கையோடு படகேறக் கூடாது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. காவலில் இரண்டாம் நாள் நடுக்கமோ உளறலோ வந்தால், அது பயத்தால் வந்தது என்று விட்டுவிடுவார்கள். அப்படிப் பிடிபட்டவருக்குத் தினசரிக் குடி உண்டென்றால், வீட்டார் வெட்கப்படாமல் மீனவர் சங்கம் வழியாக அதிகாரிகளுக்கு அதைத் தெரிவித்துவிட வேண்டும்.

முதல் மருத்துவமனையில் நடந்தது

கரைக்கு வந்ததும் அருகிலிருந்த சிறிய மருத்துவமனை ஒன்றில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலிப்பு நோய் என்று ஃபெனிட்டாயின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் இரண்டுமே தவறு, ஏன் என்று விளக்க வேண்டும்.

நெடுநாள் குடிப்பவரிடம் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் இருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளையின் உட்பகுதி சேதமடையலாம். கண் அசைவு கோணுதல், நடை தள்ளாடுதல், குழப்பம் மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தவறவிட்டால் நிரந்தர மறதி நோயில் போய் முடியும். அதனால் தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

ஃபெனிட்டாயின், குடியை நிறுத்தியதால் வரும் வலிப்பு திரும்ப வராமல் தடுப்பதில்லை. அந்த வலிப்புக்கு மருந்து பென்சோடயசிபைன் வகை. மேலும் “வலிப்பு நோயாளி” என்ற பெயர் விழுந்தால் படகில் யாரும் ஏற்றமாட்டார்கள். ஒரு தவறான சீட்டு ஒரு மனிதரின் தொழிலையே பறித்துவிடும்.

வார்டில் பத்து நாள்

வியாழன் காலை 11 மணிக்கு, கடைசிக் குடியிலிருந்து 37 மணி நேரத்தில், மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாடி 116, இரத்த அழுத்தம் 160/100. குடியை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளை எண்ணும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோலில் 67க்கு 18. அதில் 15க்கு மேல் போனாலே தீவிர நிலை. விழுந்தபோது தலையில் அடிபட்டிருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுக்கப்பட்டது, இரத்தக் கசிவு இல்லை. கல்லீரல் நொதிகளில் ஏ.எஸ்.டி. 148, ஏ.எல்.டி. 70. முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்குக்கு மேல் இருப்பது குடியால் வந்த கல்லீரல் பாதிப்பின் வழக்கமான அடையாளம். மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் 2.4.

கல்லீரல் இப்படி இருந்ததால், பென்சோடயசிபைன் வகையில் உடலில் நெடுநேரம் தங்கும் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு இரண்டையும் தவிர்த்து, லோராசிபாம் 2 மி.கி. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் கூடுதலாக. கண் அசைவில் துடிப்பு தெரிந்ததால் தயமின் 500 மி.கி. நாளுக்கு மூன்று முறை நரம்பு வழியாக. பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவாக இருந்தன. மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை தயமின் சரியாக வேலை செய்யாது என்பதால் அதையும் ஈடுசெய்தார்கள்.

வெள்ளி இரவு டெலிரியம் வந்தது. சுவரில் பாம்பு நெளிகிறது என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து இல்லாத மடியை (மீன் வலையை) இரு கைகளாலும் இழுக்க ஆரம்பித்தார், பெயர் சொல்லி ஆட்களை ஏவினார். செய்யும் தொழிலையே கைகள் காற்றில் செய்வது டெலிரியத்தில் நன்கு அறியப்பட்ட நிலை. கூட இருந்த மச்சான் இதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகத் துடித்தார். சிகிச்சை இல்லாமல் விடப்படும் டெலிரியம் உயிரைப் பறிக்கும். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் தவிர வேறு எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது. வழிபாட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் உடம்பு தேறியபின் போகட்டும். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கட்டிப்போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே மாவட்டத்தின் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. குடியால் வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. குடிநோயாளியை வண்டியில் வந்து அள்ளிக்கொண்டுபோய்ப் பூட்டிவைக்கும் மையங்கள் இன்றும் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மருத்துவர் எந்த நாள்களில் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம். மூன்றாவது கேள்விக்கு “ஒரு மாசம் வராதீங்க” என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். இவருக்கு வார்டில் விளக்கை அணைக்காமல், தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, மருந்தை நரம்பு வழியாகக் கூட்டியதே போதுமானதாக இருந்தது. திங்கள் காலை தெளிவு வந்தது. லோராசிபாமைப் படிப்படியாகக் குறைத்து ஒன்பதாம் நாள் நிறுத்தினார்கள். இந்த மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது; ஒரு பழக்கம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தெளிந்தபின், குடிப் பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும் ஆடிட் வினாத்தாளில் 40க்கு 31. 20ஐத் தொட்டாலே, குடியில்லாமல் இருக்க முடியாத சார்புநிலையைச் சந்தேகிக்க வேண்டும்.

மனைவியைத் தனியாகப் பார்த்தபோது

இந்த ஆய்வின் நடுமையம் இதுதான். மனைவியைக் கணவரின் முன்னால் மட்டுமே விசாரித்திருந்தால், கீழே வரும் எதுவும் தெரிய வந்திருக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விளம்பரத்தைப் பார்த்து, “தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும்” பொடி ஒன்றை வாங்கிக் குழம்பில் கலந்திருக்கிறார். இத்தகைய பொடிகளில் டைசல்ஃபிரம் கலந்திருப்பது உண்டு. அந்த மருந்து உடம்பில் இருக்கையில் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, அழுத்த வீழ்ச்சி. இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை விளைவு இருக்கும். கணவருக்கு அன்று மயக்கமே வந்தது. விஷயம் தெரிந்ததும் மனைவியை அடித்திருக்கிறார். அதிலிருந்து வீட்டுச் சோறு சாப்பிடுவதில்லை, கடையில்தான்.

டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான், ஆனால் எடுப்பவருக்குத் தெரிந்து, ஒப்புக்கொண்டு, குடியை நிறுத்திக் குறைந்தது 24 மணி நேரம் கழித்து எடுத்தால் மட்டும். மறைத்துக் கொடுக்கும்போது நெஞ்சுக்கு ஆபத்து, திருமணத்துக்கும் ஆபத்து. இந்த வீட்டில் மருந்து என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாக மாறியிருந்தது.

அடி, வாரத்தில் ஒரு முறையாவது. பாசி எடுக்கப் போகும் நாள்களில் யாரோடு போனாய் என்ற விசாரணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள்களில்தான் பாசிக்குப் போக முடியும். அந்த வருமானத்தில்தான் அரிசி. அந்த நாள்களே அடியின் நாள்களாகவும் இருந்தன. நாள்பட்ட குடியில் மனைவி மீது ஆதாரமற்ற சந்தேகம் வளர்வது அடிக்கடி காணும் விஷயம். ஆண்மைக் குறைவும் கூட வரும்போது அது வலுக்கும். குடி நின்ற சில வாரங்களில் தணியவில்லை என்றால் மனநல மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

மனைவியின் மனச்சோர்வு வினாத்தாள் மதிப்பெண் 27க்கு 16. உறக்கம் நான்கு மணி நேரம். சுய உதவிக் குழுக் கடன், நகை அடகு, மகன் இரவில் கடை வாசலில் போய் அப்பாவைத் தூக்கி வருவது, படகு முதலாளிக்கு ஃபோன் போட்டு “அவருக்குக் காய்ச்சல்ண்ணே” என்று இவர் சொல்லும் பொய். அந்தப் பொய் ஒவ்வொன்றும் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியது. கூடவே கணவர் தன் குடியின் விலையைப் பார்க்காமல் இருக்கவும் உதவியது. இதைச் சொல்லும்போது குற்றம்சாட்டும் தொனி வந்துவிடக் கூடாது. வேறு வழி தெரியாத ஒருவர் செய்தது அது.

பாதுகாப்புத் திட்டம் முதலில் போடப்பட்டது. ஆதார், குடும்ப அட்டை, பாஸ் புத்தகம், இரண்டு செட் துணி ஒரு பையில், பக்கத்து வீட்டில். அடி விழுந்தால் எந்த வீட்டுக்குப் போவது, 181 பெண்கள் உதவி எண்ணில் என்ன சொல்வது, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரை எங்கே பார்ப்பது என்பதெல்லாம் ஒத்திகை போலப் பேசப்பட்டன. அடி நின்று, பயம் இல்லை என்று மனைவியே சொல்லும்வரை இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் ஆலோசனையைத் தொடங்கவில்லை. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே “ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க” என்று உட்கார வைப்பது, அவர் பேசியதற்கு அன்றிரவு வீட்டில் அடி வாங்க வைப்பதாகும்.

தடைக்காலம்

கணவர் வீடு திரும்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். அதுவரை சில வாரம் படகுக்குப் போகாமல் இருந்தார். கையில் பணமில்லை, ஆனால் குடிக்கத் தூண்டும் பங்குப் பணமும் இல்லை, அதைச் சுற்றிய கூட்டமும் இல்லை. எங்கள் கணிப்பில் இந்தக் கரையில் குடியை விடுவதற்கு ஆண்டில் மிகவும் உகந்த பருவம் இதுதான். தடைக்காலத்துக்குச் சற்று முன் மருத்துவமனையில் சேர்ந்தால், நடுங்கும் வாரங்கள் கடலுக்கு வெளியே கழியும். இந்த நாள்களில் பலர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போவார்கள். அதை அந்த ஆண்டு மட்டும் தவிர்க்கச் சொன்னோம். ஊர்க்கண் இல்லாத இடம், கையில் கூலி, துணையாகக் குடிக்கும் கூட்டம். படகு மராமத்து வேலையும், பாசியைக் காயப்போடும் வேலையும் எடுத்துக்கொண்டார்.

மருந்து: அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டு, நாளுக்கு மூன்று வேளை. கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்தாயிற்று. கரையில் இருக்கும்வரை மூன்று வேளையும் நடந்தது. கடலுக்குப் போகும் ஆளுக்கு மூன்று வேளை மருந்து நிற்காது என்பதை முன்கூட்டியே யோசித்து, ஜூனில் கல்லீரல் தேறிய பிறகு நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. ஒரே வேளைக்கு மாற்றப்பட்டது. இது எடுப்பவர் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும்: விபத்தில் அடிபட்டால் டிரமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் இவரிடம் வேலை செய்யாது. வின்ச் கயிற்றில் விரல் போவது சகஜமான தொழிலில் இந்த அட்டை அவசியம்.

மே மாதம், அடி இல்லாமல் இரண்டு மாதம் கடந்த பிறகு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தினசரி உடன்படிக்கை ஒன்று வகுக்கப்பட்டது. காலையில் கணவர், “நேத்து குடிக்கல, இன்னைக்கும் குடிக்க மாட்டேன்” என்பார். மாத்திரையை அட்டையிலிருந்து தானே பிரித்து, மனைவி பார்க்க விழுங்குவார். மனைவி அதைத் தொடக் கூடாது. அந்தப் பொடி விஷயத்துக்குப் பிறகு இது தவிர்க்க முடியாத விதி. மனைவி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாள்காட்டியில் ஒரு கோடு போடுவார். பழைய விஷயங்களைப் பற்றிய பேச்சு இந்த நேரத்தில் இல்லை. அது வாரம் ஒருமுறை ஆலோசனை அறையில் மட்டும். காலை உடன்படிக்கைக்கு மொத்தம் மூன்று நிமிடம். செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் வாயை முகர்ந்து பார்ப்பது, பையைத் துழாவுவது, ஃபோனை நோண்டுவது என நாள் முழுக்க நடந்த காவலை இந்த மூன்று நிமிடம் நிறுத்துகிறது.

மூன்றாவது வாரத்தில் வீட்டில் சாப்பிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஜூன் 15க்குப் பிறகு

கடல் திறந்த பிறகான முதல் வாரங்களில் பாடு, அதாவது மீன் வரத்து, நன்றாக இருக்கும். அதனாலேயே அவை ஆபத்தானவை. டீசல், ஐஸ், படிச்செலவு கழித்து ஏலம் முடிந்த இடத்திலேயே பங்கு பிரித்துக் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள். உறக்கமில்லாத ஒரு ராத்திரி, காலியான வயிறு, உடம்பு வலி, கையில் பணம், சுற்றிலும் அதே கூட்டம். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் குடியைத் திரும்பக் கொண்டுவரும் என்பார்கள். படகிலிருந்து இறங்கும் மனிதரிடம் பசியும் களைப்பும் எப்போதும் உண்டு.

மூன்றாவது முறை கடலுக்குப் போய் வந்தபோது குடித்தார். முதல் நாள் ஒரு கட்டிங், 90 மி.லி.; மறுநாள் ஒரு குவார்ட்டர். மனைவி வாசம் பிடித்துவிட்டுப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். திட்டத்தில் இருந்தபடிதான் நடந்துகொண்டார்: சண்டை போடவில்லை, குடித்திருக்கையில் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவர் தானாக வார்டுக்கு வந்தார். விலகல் மதிப்பெண் 4. மறுபடி சேர்க்கத் தேவையிருக்கவில்லை.

சறுக்கலை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தோம். குடித்த நாளுக்கு ஐந்து நாள் முன்பே, “நமக்குத்தான் சரியாப் போச்சே” என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். காலை உடன்படிக்கையும் கடலுக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போனது. பங்குப் பணம் ரொக்கமாக வந்தது. கரையிறங்கிச் சாப்பிடாமல் ஏலக் களத்தில் நின்றார். இத்தனைக்கும் பிறகுதான் அந்த கட்டிங். ‘கூட்டாளி கையில் திணித்தான்’ என்று அவர் தொடங்கிய கதையில் கூட்டாளி கடைசிக் கண்ணி.

அதன்படி மாற்றங்கள்: கரையில் கால் வைத்ததும் முதலில் சாப்பாடு, ஏலத்துக்கு முன்னால். பங்குப் பணம் முதலாளி வழியாக வங்கிக் கணக்குக்கு. படகில் குடிக்காத ஒருவர் இருக்கிறார். ஏலக் களத்திலிருந்து வீடுவரை அவரோடு. விசைப்படகுக் கணக்கில் வெள்ளிக்கிழமை முழு நாளும் கரையில் இருப்பதால், குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் வெள்ளி மாலைக்கு வைக்கப்பட்டது. காலை உடன்படிக்கையைக் கடல் நாள்களில் முந்தின இரவுக்கு மாற்றியாயிற்று.

குடியில்லாத சண்டை

ஆகஸ்டில் நிலைமை மோசமானது. ஒரு சொட்டுக் குடி இல்லை, ஆனால் வீட்டில் ஓயாத வாக்குவாதம். “குடிச்சப்பகூட இவ்வளவு பேசமாட்டா” என்பது கணவரின் புகார். “குடிய விட்டுட்டா நான் எல்லாத்தையும் மறந்துரணுமா?” என்பது மனைவியின் கேள்வி.

உறவினர்கள் பெரும்பாலும் மனைவியைத்தான் அடக்குவார்கள்: பாவம், திருந்திட்டான், நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. இந்த அறிவுரை தவறு, அபாயமும்கூட. பத்து ஆண்டுகளாக அடிக்குப் பயந்து விழுங்கியது இப்போதுதான் வெளியே வருகிறது. வெளியே வரக் காரணம், வீடு முதன்முறையாகப் பாதுகாப்பாக இருப்பது. அந்தக் கோபம் குணமாவதன் ஒரு பகுதி என்று கணவருக்கு விளக்கினோம். பதில் சொல்லாமல், எழுந்து போகாமல், பதினைந்து நிமிடம் கேட்பது அவருக்கு வைக்கப்பட்ட வீட்டு வேலை. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

சண்டையின் உண்மையான பொருள் பணம் என்பது பிறகு தெரிந்தது. இத்தனை காலம் வீட்டை நடத்தியவர் மனைவி: கடனும் அவரே, பள்ளிக் கட்டணமும் அவரே. தெளிந்த கணவர், ஆம்பளை நான் இருக்கேனே என்று வரவுசெலவைத் திரும்பக் கேட்டார். மனைவி தரவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பிக்கை, மனைவி கொடுத்தே தீர வேண்டிய பரிசு அல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு. கடன்கள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்பட்டன. அடகு நகை மீட்பு முதலில், குழுக் கடன் அடுத்து. கணவருக்கு நாளுக்கு 100 ரூபாய் கைச்செலவு. மீதி மனைவி கணக்கில். ஆனால் எந்தச் செலவையும் இருவரும் நோட்டில் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. டிசம்பர் மறுபரிசீலனையில் வலைச் சாமான் வாங்கும் பணத்தைக் கணவரிடம் விடுவதாக மனைவியே சொன்னார்.

மன்னிப்புக் கேட்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மீட்புக் கூட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களிடம் ஈடு செய்யும் படி ஒன்று உண்டு. அது பின்னால் வரும் படி. இவர் உற்சாகத்தில் இரண்டாம் மாதமே மனைவி காலில் விழப் போனார். கூட்டத்தில் வழிகாட்டியாக இருந்தவர் தடுத்தார். சீக்கிரமாகக் கேட்கும் மன்னிப்பு, மறுத்தால் மனைவியைக் கெட்டவராக்கிவிடும். மகன் விஷயத்தில் அது இன்னும் கடினமாக இருந்தது. கடை வாசலிலிருந்து அப்பாவைத் தூக்கி வந்த பிள்ளை ஆண்டு முடிவிலும் அவரிடம் ஒற்றைச் சொல்லில்தான் பேசினான். பள்ளியில் ஆலோசகரிடம் அனுப்பப்பட்டான். இதற்குக் குறுக்கு வழி ஏதும் எங்களிடம் இல்லை. மகளுக்கு அப்பாவோடு முன்பே பேச்சு இருந்ததால் அங்கே சிரமம் குறைவு.

சந்தேகம் ஜூலைக்குள் பெரும்பாலும் அடங்கியது. தனி மருந்து தேவைப்படவில்லை. மனைவியின் மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மருந்தும் ஆலோசனையும். மதிப்பெண் 16லிருந்து 6. கணவர் குடியை விட்டதால் அது தானாகக் குறையவில்லை, தனிச் சிகிச்சை தேவைப்பட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஓராண்டு முடிவில்

இரண்டு நாள் சறுக்கல் தவிர முழு ஆண்டும் குடியில்லை. கல்லீரல் நொதிகள் இயல்பு. மறுபடி வலிப்பு இல்லை; ஃபெனிட்டாயின் முதல் வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. நால்ட்ரெக்ஸோன் அடுத்த தடைக்காலம் முடிந்து, முதல் ஒரு மாதக் கடல் பாட்டைத் தாண்டும்வரை தொடரும். பாடு நன்றாக இருக்கும் வாரங்களில் நிறுத்துவதில்லை என்பது தீர்மானம். கல்லீரல் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தம்பதியர் ஆலோசனை மாதம் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. மனைவி விரும்பும்போது தனியாக வரலாம்.

வீட்டில் இதே நிலைமை இருப்பவர்களுக்கு: காலையில் கை நடுங்குகிறவர் குடியை விட நினைத்தால் முதலில் மருத்துவரிடம், பிறகு நேர்த்திக்கடன். போதை மீட்பு வழிகாட்டலுக்குக் கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. கணவர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் வரலாம். பல குடும்பங்களில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது.